வெட்டாமல் விட்ட காய்

நீங்கள் போய் ஒரு வருடமாகிறது, ஆட்டைத் திவசம் நெருங்குகிறது. வீடு கழுவ வேண்டும் என்று இன்று காலை சாமியறைப் பக்கத்து அலமாரியை இழுத்தேன். அதற்குப் பின்னால் சதுரங்கப் பெட்டி விழுந்து கிடந்தது. மூடியைத் திறந்தால் காய்களுக்கு முந்தி வாதத் தைலத்தின் மணம்தான் வெளியே வந்தது. பிசியோ பிள்ளை கையைத் தேய்த்துவிட்டுப் போன கையோடு நீங்கள் வந்து குந்துவீர்கள். "துடைச்சிப்போட்டுத் தொடுங்க, மரக்காய் எண்ணெய் குடிக்கும்" என்று நான் எத்தனை தரம் கத்தியிருப்பேன்! கேட்டால்தானே. வெள்ளை ராசா மஞ்சள் ராசாவாகிவிட்டார்.

நான் அழவில்லை. கோபம்தான் வந்தது. செத்துப்போன மனிசரோடு கோபிக்கக் கூடாது என்கிறாள் மகள். அவளுக்கென்ன, அவள் எது கேட்டாலும் தலையாட்டினீர்கள். வாழ்நாள் முழுக்க உங்களோடு வாய் கொடுத்தவள் நான். எனக்குக் கோபிக்க உரிமை இருக்கிறது.

இன்று பின்னேரம் திவசத்து அலுவல் பேச யோகன் வருவதாகச் சொல்லியிருக்கிறான். ஓம், உங்கள் தம்பி யோகன்தான். முகத்தைச் சுளிக்க வேண்டாம். அவனிடம் நான் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் போன நாளிலிருந்து அது என் தொண்டைக்குள் நிற்கிறது. அவன் எத்தனையோ தரம் வந்து போய்விட்டான். கேட்க வாய் வருவதில்லை, பயமாக இருக்கிறது. அவன் வருவதற்குள் உங்களோடு பேசிக்கொள்வோம் என்று, சோறு வைக்காமல்கூட, பேனையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பாரிசவாதம் வந்து உங்கள் வலது கை சொன்னபடி கேட்காமல் போன நாட்களை நினைக்கிறேன். ஆஸ்பத்திரியில் பெரிய டொக்டர் இரண்டு விஷயம் சொல்லித்தான் வீட்டுக்கு விட்டார். கைக்கு வேலை கொடுக்க வேண்டும். ஆளுக்குக் கோபம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொரு தரம் பிரஷர் ஏறினால் தாங்காது என்றார். கைக்கு வேலை கொடுக்கப் பிசியோ பிள்ளை இருந்தாள். கோபத்துக்கு நான் எங்கே ஆள் பிடிப்பது?

உங்கள் கோபத்தின் பெயர் யோகன். அந்தப் பெயரை யாராவது வாயில் எடுத்தாலே உங்கள் கழுத்து நரம்பு புடைக்கும். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் உங்கள் அப்பா விட்டுப்போன வயலை நீங்கள் இருவரும் பாதிப் பாதியாகச் செய்தீர்கள். வாய்க்கால் ஒன்றுதான். மழையில்லாத சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் முறைவைத்துத்தான் வரும். உங்கள் முறையன்று அவன் வரம்பை வெட்டித் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பிவிட்டான் என்பது உங்கள் வழக்கு. எலி வளை போட்டு வரம்பு உடைந்தது என்பது அவன் வழக்கு. வட்டைக்குள் வயல் செய்கிற எல்லாரும் கூடியிருந்த கூட்டத்தில் அவன், "வயசு போனா வரம்பில நடக்கக் கண் தெரியாது. ஊட்டுக்குள்ள இரிக்கணும்" என்று ஒரு சொல் விட்டான். நீங்கள் எழும்பிப் போய், அத்தனை பேருக்கு முன்னால், அவன் கன்னத்தில் அறைந்தீர்கள். தலை நரைத்த தம்பி. அவன் திருப்பி அடிக்கவில்லை. சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு போய்விட்டான். அதோடு கதை பேச்சு நின்றது. வயல் வழக்கு விசாரிக்கிற கமநல நிலையத்தில் உங்கள் முறைப்பாடு, விசாரணை என்று அது வேறு வழியில் ஓடியது.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அண்ணனும் தம்பியும் மறுபடி முகம் பார்த்துக் கதைக்க வேண்டும். பாசத்தால் மட்டும் சொல்லவில்லை. அந்தக் கோபம் ஆறாவிட்டால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

பள்ளிக்கூடத்தில் கணக்கோடு சதுரங்க அணியையும் என் தலையில்தான் கட்டியிருந்தார்கள். அந்தப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து உங்கள் முன்னால் வைத்தேன்.

"என்னகா இது?"

"செஸ். படிப்பமா? கைக்கும் நல்லம்."

"அது டீச்சர்மார்ர விளையாட்டு. எனக்குத் தாம் போதும்."

தாம் என்றால் உங்களுக்கு உயிர். வாவி கடக்கிற படகுக்காகத் துறையில் காத்திருக்கிறவர்கள் மரத்தடியில் சோடா மூடிகளை வைத்து விளையாடுகிற அந்த விளையாட்டில் உங்களை வெல்ல ஆள் இல்லை. படகு வந்தாலும் ஆட்டம் முடியாமல் எழும்பமாட்டீர்கள். நானும் கையில் பையோடு நின்று, "அடுத்த படகுக்கும் ஆள் எழும்ப மாட்டார் போல" என்று புறுபுறுத்திருக்கிறேன்.

கடைசியில் நீங்கள் செஸ்ஸுக்குச் சம்மதித்தது படிக்கிற ஆசையால் இல்லை. வெளியே போக வழியில்லாமல், மரத்தடியும் இல்லாமல், நான் பள்ளிக்கூடத்தால் வரும்வரை படலையைப் பார்த்துக்கொண்டு இருந்து அலுத்துப்போனதால்தான். முதல் நாளே ராசாவோடு உங்களுக்கு ஒத்துவரவில்லை. "ஒரு அடிதான் நடப்பாரா? மத்தவனெல்லாம் ஓடி ஓடி வேலை செய்ய இவர் நிண்டு பாப்பாரா? சரியான வட்டைவிதானை" என்றீர்கள். வட்டைக்குத் தண்ணீர் பங்கிட வேண்டிய விதானை குடையோடு வரம்பில் நிற்கிற நிலையை நீங்கள் உட்கார்ந்தபடியே செய்து காட்ட, நான் சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் எடுத்துவிட்டது. அதன் பிறகு நம் வீட்டில் ராசாவுக்குப் பெயர் விதானைதான். "விதானைக்குச் செக்" என்பீர்கள்.

குதிரை உங்களுக்குப் பிடித்தது. அது தாண்டிப் போகும் என்பதால். அதைத் தூக்கத்தான் உங்கள் விரல் படாத பாடு பட்டது. பெருவிரலும் சுட்டுவிரலும் சேராது. குதிரை விழும். பக்கத்துக் காலாளையும் தட்டிவிடும். நான் எடுத்து வைக்கப் போனால் "விடுகா" என்று ஒரு அதட்டல். நான் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பேன். வகுப்பில் பிள்ளைகளிடம் எனக்கு அவ்வளவு பொறுமை ஒருநாளும் இருந்ததில்லை.

ஆனால் கையைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நாள் எடுத்தது. நான் எதை முன்னால் விட்டாலும் நீங்கள் வெட்டினீர்கள். ஒரு காலாளை விடுவேன். உங்கள் ராணி பாய்ந்து வந்து வெட்டும். பின்னால் காத்துக்கொண்டிருந்த என் குதிரை ராணியை எடுத்துக்கொண்டு போகும். அடுத்த ஆட்டத்திலும் அதே கதை. முட்டாள் என்றால் பரவாயில்லை. நீங்கள் நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தே ஈரம் சொல்கிற ஆள். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"அங்கால குதிரை நிக்கிறது தெரியல்லையா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சும் என்னத்துக்கு வெட்டினீங்க?"

"வெட்டு கிடந்தா வெட்டத்தானே வேணும். அதான சட்டம்?"

அப்போதுதான் எனக்கு வெளித்தது. தாமில் அதுதான் சட்டம். வெட்டு இருந்தால் வெட்டியே ஆகவேண்டும். வெட்டாமல் விட்டால் எதிராளி உங்கள் காயையே எடுத்து வெளியே வைத்துவிடுவான். துறை மரத்தடியில் வாழ்நாள் முழுக்க ஆடிய அந்தச் சட்டத்தோடுதான் என் பலகைக்கு வந்து, ராணியைத் தெரிந்துகொண்டே தொலைத்துக்கொண்டிருந்தீர்கள். கேட்கவும் இல்லை, கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்தீர்களோ என்னவோ.

"இதில அப்பிடி இல்லைங்க. வெட்டு கிடந்தாலும் விடலாம்."

"விட்டா?"

"ஒண்டும் ஆகாது. உங்கட விருப்பம். அவன் ஏன் இதைத் தாறான் எண்டு முதல்ல கேக்கணும்."

நீங்கள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு, "விடலாமா?" என்று இன்னொரு தரம் கேட்டீர்கள். உங்கள் முகத்தில் நான் அதுவரை காணாத ஒன்று இருந்தது. உங்களைத் தெரிந்த எனக்கு உள்ளே குதூகலமாக இருந்தது. ஒருவன் ஒரு சொல் விட்டால் எடுத்தே ஆகவேண்டும் என்று வாழ்ந்த மனிசர் நீங்கள். கடையில், கோயில் கூட்டத்தில், வட்டைக்குள், எங்கும் அப்படித்தான். இப்போது ஒரு மரக்காயையாவது பார்த்தும் பாராமல் விடப் பழகினால், நாளைக்குத் தம்பியின் ஒரு சொல்லையும் விட்டுவிடுவார் என்று கணக்குப் போட்டேன். கணக்கு டீச்சர் அல்லவா.

பழகினீர்கள். என்னை விடவும் மெதுவாக ஆடத் தொடங்கினீர்கள். காய் ஒன்று வெட்டுக்குக் கிடந்தால் நாடியைத் தடவிக்கொண்டு "ஏன் தாறா?" என்று சத்தமாகவே கேட்பீர்கள். பின்னேரம் தேத்தண்ணி ஆறிப்போகும். கோபம் குறைந்ததோ என்னவோ, பிரஷர் குறைந்தது. கிளினிக்கில் "ஐயா நல்லா இரிக்கார்" என்று சொன்னபோது எனக்கு அந்த டொக்டரின் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போல இருந்தது.

ஒருநாள் வினாத்தாள் திருத்திய களைப்பில் நான் என் குதிரையைச் சும்மா விட்டுவிட்டேன். காவலும் இல்லை, கண்ணியும் இல்லை. உங்கள் கோட்டைக் காய் அதை நேரே பார்த்துக்கொண்டு நிற்கிறது. நீங்கள் பார்த்தீர்கள், பார்த்தீர்கள், கடைசியில் ஓரத்துக் காலாள் ஒன்றை நகர்த்தினீர்கள்.

"ஐயோ, குதிரை சும்மா நிண்டுதே! ஏன் வெட்டல்ல?"

"நீ அப்பிடி விடுற ஆள் இல்ல."

"உண்மையா மறந்துபோயிட்டன்."

"போகா! ஆருக்குக் கதை விடுறா?"

எவ்வளவு சொல்லியும் நீங்கள் நம்பவில்லை. நான் போட்ட பொறியில் தப்பிவிட்டதாக, அன்று முழுக்க மீசைக்குள் சிரித்துக்கொண்டு திரிந்தீர்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

பெரும்போக வெள்ளாமை வெட்டி முடிந்த கையோடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, யோகன் வந்தான். வாவி கடந்து, சைக்கிளில் புது அரிசி மூட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு, படலைக்கு வெளியே நின்றான். நாம் முன் விறாந்தையில் பலகையோடு இருந்தோம். அவன் உள்ளே வரவில்லை. சைக்கிளைப் பிடித்தபடியே சொன்னான்: "அண்ணன், புது அரிசி. வாற சிறுபோகம் முதல் தண்ணி உங்களுக்குத்தான். நான் பிறகு எடுக்கன்."

நான் எழும்பிவிட்டேன். தெய்வமே, இதற்குத்தானே இத்தனை நாள் என்றிருந்தது. உங்கள் கழுத்து நரம்பைத்தான் முதலில் பார்த்தேன். புடைக்கவில்லை. நீங்கள் கத்தவில்லை. ஏசவில்லை. மூட்டையைப் பார்த்தீர்கள், அவனைப் பார்த்தீர்கள். பிறகு குனிந்து பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

"உள்ள வா தம்பி" என்று நான் கூப்பிட்டேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரத்தில் மூட்டையை அவிழ்த்துப் படலையடியில் இறக்கி வைத்துவிட்டு, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

அப்போது உங்களோடு நான் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? சண்டை என்றால் நான்தான் போட்டேன். நீங்கள் ஆறுதலாக இருந்தீர்கள், அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

"வா எண்டு ஒரு சொல் சொல்ல வாய் வரல்லையா உங்களுக்கு?"

"விசாரணை வருது. அதுக்கு முதல் வந்து அரிசி தாறான், தண்ணி தாறான். ஏன் தாறான்?"

"அவன் உங்கட தம்பி! இது செஸ் பலகை இல்ல!"

"நீதானகா சொல்லித் தந்த, முதல்ல கேக்கணும் எண்டு. பொறு. அவன் அடுத்தது என்ன செய்யிறான் எண்டு பாப்பம். மறுகா யோசிப்பம்."

"அவன் மனம் விட்டுப்போய் இனி வராட்டி?"

"வருவான். தேவை எண்டா வருவான்."

நான் பலகையைத் தட்டிவிட்டேன். விதானையும் ராணியும் விறாந்தை முழுக்க உருண்டார்கள். நீங்கள் கோபிக்கவில்லை, குனிந்து இடது கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினீர்கள். அந்த மூட்டையை நான் ஒருத்தியாக இழுத்துக்கொண்டு வந்து குசினிக்குள் வைத்தேன். நீங்கள் அந்த அரிசியில் சமைத்த சோற்றைத் தொடமாட்டேன் என்றீர்கள். விசாரணை முடியட்டும் என்றீர்கள்.

விசாரணைக்கு முதலே நீங்கள் போய்விட்டீர்கள். கோபத்தால் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். குளித்துவிட்டு வந்து, சேட்டுப் பொத்தானைப் பூட்ட முடியாமல் என்னைக் கூப்பிட்டு, நான் பூட்டிக்கொண்டிருக்கும்போதே சரிந்தீர்கள். நல்ல சாந்தமான முகம். மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. தகவல் போன கையோடு ஓடிவந்தவன் யோகன். நமக்கு ஆண்பிள்ளை இல்லை. அவன்தான் மொட்டையடித்து, ஈர வேட்டியோடு கொள்ளி வைத்தான். சுடலையால் வந்து படலைக்கு வெளியே நின்று அழுத அழுகையை ஊரே பார்த்தது.

அன்றிலிருந்து எனக்கு இந்தப் பயம். அவனிடம் ஏன் வந்தாய் என்று கேட்டு, "விசாரணைக்காகத்தான் மச்சாள்" என்று அவன் சொல்லிவிட்டால்? நீங்கள் கண்டுபிடித்தது சரி என்றாகும். நான் கொள்ளி கொடுத்த அவன் கை பொய்க்கை என்றாகும். அப்படி இல்லை என்று சொன்னாலோ, அது அதைவிடப் பெரிய இடி. எது வந்தாலும் தாங்கமாட்டேன் என்றுதான் கேட்காமல் இருந்தேன். சிலர், நீ அந்த விளையாட்டைப் பழக்காமல் இருந்திருந்தால் என்று என் வாயைக் கிண்டப் பார்த்தார்கள். அந்தப் பழியை நான் எடுக்கமாட்டேன். பலகை வேறு, படலை வேறு என்று நான் உங்கள் முகத்துக்கு நேரே கத்தினேன். அதை நீங்கள் கேட்கவில்லை.

இனிப் பிறகு எழுதுகிறேன். சைக்கிள் மணி கேட்கிறது.

*

போய்விட்டான். விளக்கு வைத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

ஐயருக்குச் சொன்னது, சமையலுக்கு ஆள் பிடித்தது, வாழையிலை எல்லாவற்றையும் ஒப்புவித்தான். நான் ஒன்றையும் காதில் வாங்கவில்லை. அவன் எழும்பப் போகிற நேரத்தில், சுற்றி வளைக்காமல், கேட்டேன்.

"தம்பி, அண்டைக்கு ஏன் வந்த? அந்த அரிசியோட."

அவன் தலை குனிந்துகொண்டான்.

"சும்மாதான் மச்சாள்."

"சும்மாவா? விசாரணைக்கு முதல் வந்தயே."

"அதுக்கும் இதுக்கும் என்ன? அண்ணன்ட கை விளங்கல்ல எண்டு துறையில கதைச்சாங்க. பாக்கணும் போல கிடந்திச்சி. வெறுங்கையோட வர வெக்கம். அதான் அரிசி."

"முதல் தண்ணி தாறன் எண்டு சொன்னயே?"

"படலையில நிண்டுகொண்டு என்னத்தக் கதைக்கிற? வாயில வந்ததச் சொன்னன். அண்ணன் வாடா எண்டா வந்து பக்கத்தில இரிந்திருப்பன். அவ்வளவுதான்."

கேட்டீர்களா? ஏன் தாறான், ஏன் தாறான் என்று நாடியைத் தடவிக்கொண்டிருந்தீர்களே, இதுதான் பதில். சும்மா. நான் மறந்துபோய் விட்ட குதிரையைப்போல, பின்னால் ஒன்றுமே இல்லை. இதை உங்களிடம் சேர்க்க என்னிடம் வழி இல்லை, அதனால் எழுதுகிறேன். இதுவரை இது கேள்வியாக என் தொண்டைக்குள் இருந்தது. இனிப் பதிலாக இருக்கும். அதன் பாரம் ஒன்றும் குறையவில்லை.

அவன் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே போகத் திரும்பினேன். அவன் இன்னும் விறாந்தைப் படியிலேயே குந்தியிருந்தான். இந்த ஒரு வருடமும் அவன் அந்தப் படியைத் தாண்டியதில்லை. கொள்ளி வைத்தவன், திவசத்துக்கு ஓடித்திரிகிறவன், வீட்டுக்குள் கால் வைத்ததில்லை. செருப்புச் சேறு, அவசரம், மாடு அவிழ்க்க வேண்டும் என்று ஏதாவது சாட்டுச் சொல்வான். நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

"ஒழும்பி உள்ள வா தம்பி. கதிரையில இரி. தேத்தண்ணி ஊத்துறன்" என்றேன்.

அவன் உள்ளே, சுவரில் மாட்டியிருக்கிற உங்கள் படத்தைப் பார்த்தான்.

"அண்ணன் வா எண்டு சொல்லல்லையே மச்சாள்" என்றான்.